நரம்பு முடிகிற இடத்தில் என்ன நடக்கிறது?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். ஒன்று: "நரம்பு என்பது கரன்ட் ஓடுகிற ஒயர் மாதிரி என்று படித்தோம். ஆனால் ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது என்கிறார்கள். அறுந்த ஒயரில் கரன்ட் எப்படித் தாண்டும்?" இரண்டாவது: "அப்பாவுக்குக் காலையில் கண் நன்றாக இருக்கிறது. சாயங்காலமானால் ஒரு பக்க இமை தொங்கிவிடுகிறது. சாப்பிடும்போது பாதியிலேயே தாடை ஓய்ந்துபோகிறது. அக்கம்பக்கத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி லேகியம் வாங்கச் சொல்கிறார்கள். இது என்ன?"

நான் பல வருடங்கள் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தியவன். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதல் கேள்வியைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன். அது புரிந்தால் அப்பாவின் இமை ஏன் காலையில் தொங்காமல் மாலையில் தொங்குகிறது என்பதும் புரியும்.

முதலில் நரம்பு என்ற சொல். நம் மொழியில் இந்த ஒரு சொல் பல வேலை செய்கிறது. புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது இரத்தம் ஓடும் சிரை. குதிகாலுக்கு மேலே விறைப்பாகத் தட்டுப்படுவதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். பழைய இலக்கியத்தில் யாழின் தந்திக்கே நரம்பு என்றுதான் பெயர். நான் இங்கே சொல்லும் நரம்பு இவை எதுவும் இல்லை. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்பட்டு உடம்பெங்கும் போகும் வெள்ளை நூல்கற்றை அது. ஒவ்வொரு நூலும் ஒரு நரம்பு செல்லின், அதாவது நியூரானின், நீண்ட வால். அதை ஆக்ஸான் என்பார்கள். கால் கட்டைவிரலை அசைக்கும் தசைக்குப் போகும் ஆக்ஸான் இடுப்புக்கு மேலே தண்டுவடத்தில் தொடங்கி ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. அத்தனை நீளமும் ஒரே ஒரு செல்!

அந்த நீளத்துக்குள் செய்தி எப்படிப் போகிறது? ஒயரில் போவதுபோல் இல்லை. செல்லின் சவ்வுக்கு உள்ளே பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பதற்கென்றே சவ்வில் ஒரு பம்பு ஓயாமல் ஓடுகிறது. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். இதனால், ஓய்வில் இருக்கும் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்வாக நிற்கிறது. சின்ன எண் மாதிரி தெரியலாம். ஆனால் சவ்வின் தடிமன் ஏழு நானோமீட்டர் அளவுதான். ஒரு மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு கோடி வோல்ட் வருகிறது. ஒவ்வொரு நரம்பு செல்லும் நாண் ஏற்றிய வில்போல அந்த இறுக்கத்தில்தான் காத்திருக்கிறது.

தூண்டுதல் ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்த இடத்துச் சோடியம் கதவுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, அந்த இடம் ஒரு கணம் தலைகீழாகி நேர்மின்னழுத்தத்துக்குப் போகிறது. அந்த மாற்றம் பக்கத்துக் கதவுகளைத் திறக்கிறது, அவை அதற்கடுத்ததைத் திறக்கின்றன. சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். திரியில் நீங்கள் வைத்தது ஊதுவத்தியா தீப்பந்தமா என்பது கடைசி வெடிக்குத் தெரியாது. ஒவ்வொரு வெடியும் தன் சொந்த மருந்தில்தான் வெடிக்கிறது. அதனால்தான் ஒரு மீட்டர் போனாலும் அலை தேய்வதில்லை. சரவெடி ஒருமுறைதான் வெடிக்கும். நரம்போ ஒன்றிரண்டு மில்லிநொடியில் மறுபடி தயார்.

இந்தக் கணக்கை முழுதாகப் போட்டவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். கணவாய் மீனுக்கு ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள ஆக்ஸான் உண்டு. உள்ளே மின்முனையைச் செருகிப் பார்க்கும் அளவுக்குப் பெரியது. 1939இல் தொடங்கினார்கள், போர் குறுக்கிட்டது, 1952இல் முடித்துக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். ஹக்ஸ்லி அந்தச் சமன்பாடுகளைக் கையால் சுழற்றும் கணக்குப்பொறியில் தீர்த்தார். 1963இல் நோபல் பரிசு. பல் பிடுங்கும் முன் போடும் மரப்பூசி, இவர்கள் சொன்ன அதே சோடியம் கதவுகளைத்தான் அடைக்கிறது. பேத்தை மீனின் நஞ்சும் அதையேதான் செய்கிறது, ஆனால் பல மடங்கு கொடூரமாக.

வேகம் நரம்புக்கு நரம்பு மாறும். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த நரம்புகளில் அலை கணுவுக்குக் கணு தாவுகிறது. நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையில்லாத மெல்லிய நரம்புகளில் நொடிக்கு ஒரு மீட்டர்தான். இதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். வெறுங்காலில் நெருஞ்சி முள்ளை மிதித்தால் முதலில் சுருக்கென்று ஒரு வலி. ஒரு நொடிக்கு அப்புறம், எரிச்சலாக மந்தமாக இன்னொரு வலி வந்து சேரும். முள் ஒன்றுதான். செய்தி இரண்டு பாதையில் வந்தது, ஒன்று தாமதித்தது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஆக்ஸான் முடிகிற இடத்தில் என்ன?

முடிகிறதா என்பதே நெடுநாள் சண்டையாக இருந்தது. இத்தாலியின் காமில்லோ கோல்ஜி 1873இல் வெள்ளி உப்பால் நரம்பு செல்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். மூளை முழுவதும் அறுபடாத ஒரே வலை என்று நம்பினார். ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் அதே சாயத்தை வைத்துக்கொண்டு, இல்லை, ஒவ்வொன்றும் தனிச் செல், நெருங்கி நிற்கின்றன, ஒட்டவில்லை என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். கோல்ஜி தன் ஏற்புரையிலேயே கஹாலின் கொள்கையை எதிர்த்துப் பேசினார். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து இடைவெளியைக் கண்ணுக்குக் காட்டியபோது கஹால் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் சொன்னதுதான் சரி.

அந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். மூளையில் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் சுமார் 50. நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் தடிமனுக்குள் இப்படிப்பட்ட இடைவெளிகள் இரண்டாயிரம் அடங்கும். இவ்வளவு சின்னதாக இருந்தும் மின்சாரம் தாண்டுவதில்லை. இடைவெளியில் இருப்பது உப்பு நீர்; வரும் மின்னோட்டம் அதில் நாலாபக்கமும் கசிந்து போய்விடும். போதாததற்கு நரம்பின் நுனி மிகச் சிறியது, எதிரே இருக்கும் தசைநாரோ பிரம்மாண்டம். தீக்குச்சி கொளுத்தி அண்டா நீரைக் காய்ச்சுகிற கதை.

அப்படியானால் என்ன தாண்டுகிறது? இதற்குப் பதில் சொன்ன சோதனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே உற்சாகம் பிறக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் பேராசிரியர் இருந்தார். ஒருநாள் இரவு கனவில் ஒரு சோதனை தோன்ற, எழுந்து துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் தன் எழுத்தே தனக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு. இந்த முறை தாளை நம்பவில்லை. நேரே ஆய்வகத்துக்குப் போனார்.

இரண்டு தவளை இதயங்கள். தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்தாலும் தவளையின் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். முதல் இதயத்தோடு, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது, இரண்டாவதில் நரம்பில்லை. முதலாவதன் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்புறம் அந்த இதயம் கிடந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது! நரம்பின் கட்டளை நீரில் கரைந்து வந்திருக்கிறது என்றுதானே பொருள்? 1921இல் அதை வெளியிட்டார். நீரில் இருந்தது அசிட்டைல்கோலின் என்ற எளிய வேதிப்பொருள். ஹென்றி டேலுடன் சேர்ந்து 1936இல் நோபல் பரிசு பெற்றார். 1938இல் நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பரிசுப் பணத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது.

ஆக, கரன்ட் தாண்டுவதில்லை. அது கரையிலேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஓர் இரசாயனம் தோணியேறி மறுகரை போகிறது. மறுகரையில் புதிய மின் அலை பிறக்கிறது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் இரு செல்களின் சவ்வுகளும் நேரடிக் குழாய்களால் இணைந்திருக்கும், அங்கே மின்னோட்டமே கடந்து போகும். 1959இல் கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையில் இதைக் கண்டார்கள். நம் மூளையிலும் சில பகுதிகளில் உண்டு. ஆனாலும் நம் உடம்பில் பெரும்பான்மை இரசாயனச் சந்திப்புகள்தான்.

இந்தத் தோணிப் பயணத்தின் ஒவ்வொரு படியையும் நமக்குக் கற்றுக்கொடுத்தவை நஞ்சுகள். அவற்றில் பல நம் வயல்வரப்பில் இருப்பவை. அதனால் அவற்றின் வழியாகவே சொல்கிறேன்.

நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் சின்னச் சின்னப் பைகளில் நிரம்பியிருக்கிறது. ஒரு பையில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். மின் அலை நுனிக்கு வந்ததும் கால்சியம் கதவுகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே புகுந்தால்தான் பைகள் சவ்வோடு இணைந்து வெளியே கொட்டும். பிள்ளைப்பேற்றின்போது வலிப்பு கண்ட பெண்களுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி போடுவார்கள். போடும்போதெல்லாம் செவிலியர் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்கலாம். மெக்னீசியம் அளவு மீறினால் கால்சியத்தின் வழியை மறிக்கும். முழங்கால் துள்ளல் நின்றுபோவது அதற்கான முன்னெச்சரிக்கை.

பைகள் ஒவ்வொன்றாகத்தான் கொட்டும், பாதிப் பை கொட்டுவதில்லை. இதைக் கண்டவர் பெர்னார்ட் காட்ஸ். யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு 1935இல் லண்டன் வந்தவர். நரம்பைத் தூண்டாதபோதும் தசையில் அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னத் துடிப்புகள் அவ்வப்போது தோன்றுவதை அவரும் பால் ஃபாட்டும் 1950களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். முதலில் கருவியின் கோளாறு என்றே தோன்றக்கூடிய அளவு சிறியவை அவை. ஒரு பை தற்செயலாகக் கொட்டும்போது வருவது அந்த அரை மில்லிவோல்ட். நரம்பில் அலை வந்தால் தவளைத் தசையில் நூறு, இருநூறு பைகள் ஒருசேரக் கொட்டும். இந்த எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள். அப்பாவின் இமைக்கு இது வேண்டும்.

பையைச் சவ்வோடு சேர்த்துக் கட்டும் புரதங்கள் சில உண்டு. கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் கிருமியின் போட்டுலினம் நஞ்சு, தசைக்குப் போகும் நரம்பின் நுனியில் இவற்றை வெட்டிவிடுகிறது. பை கொட்டாது, தசை துவண்டுபோகும். இதே குடும்பத்துக் கிருமியின் டெட்டனஸ் நஞ்சும் அதே புரதங்களில் ஒன்றைத்தான் வெட்டுகிறது. ஆனால் உடம்போ துவளாமல் வில்லாக விறைக்கிறது. ஒரே கத்தியால் இரண்டு நேரெதிர் விளைவு எப்படி வரும்? இந்தப் புதிருக்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

கட்டுவிரியன் கடியும் இந்த நுனியில்தான் அடிக்கிறது. பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் இனமில்லை, நல்ல பாம்பின் உறவு. இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலியே இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடியும்போது இமை தூக்க முடியாமல், பேச்சு குழறி, எச்சில் விழுங்க முடியாமல் ஆள் எழுவார். நஞ்சு நரம்பு நுனிகளில் பைகளைத் தீர்த்து நுனியையே சிதைத்துவிடுகிறது. புது நுனி முளைக்கும் வரை, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், செயற்கைச் சுவாசம் வேண்டும். மூச்சைக் காப்பாற்றிவிட்டால் ஆள் முழுதாக மீளுவார். அதனால்தான் பாம்புக்கடிக்கு மந்திரிக்கப் போய் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் என்னை வதைக்கிறது. வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். முறிமருந்து செய்வதற்கான நஞ்சை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் எடுத்துக் கொடுத்து வருகிறது. அந்த மக்களின் கைத்திறனால் பிழைத்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

நல்ல பாம்பின் நஞ்சு தாக்குவது மறுகரையை. அங்கே தசையின் சவ்வில் ஏற்பிகள் காத்திருக்கின்றன. ஓர் ஏற்பியில் இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் உட்கார்ந்தால் அதன் நடுவே வழி திறந்து சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். நாக நஞ்சு அந்த இருக்கையில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. தைவானில் 1963இல் அங்குள்ள கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து இப்படி ஏற்பியைப் பற்றும் ஒரு பொருளைத் தனியே பிரித்தார்கள். பற்றினால் விடாத பிடி. அதனாலேயே ஏற்பிகளை எண்ணவும் பிரித்தெடுக்கவும் அது ஆய்வாளர்களின் கருவியாயிற்று. ஆளைக் கொல்லும் நஞ்சு அப்பாவைப்போன்றவர்களின் நோயை விளக்கியது இந்த வழியில்தான்.

கொட்டிய அசிட்டைல்கோலின் அங்கேயே கிடந்தால் தசை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இடைவெளியிலேயே ஒரு நொதி நிற்கிறது, வந்ததை ஒரு மில்லிநொடிக்குள் வெட்டித் தீர்க்க. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடமாக்குகின்றன. முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிப்பவருக்கு வாயில் எச்சில் ஊறி, வேர்த்துக் கொட்டி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசைகள் புழு நெளிவதுபோல் துடித்தால் காரணம் இதுதான். முறிமருந்தாக அட்ரோபின் கொடுப்பார்கள். நம் ஊர் ஊமத்தையில் இருப்பதும் அந்த வகைப் பொருள்தான். ஊமத்தங்காய் தின்ற குழந்தைக்கு வாய் வறண்டு கண்மணி அகலமாக விரிவது பூச்சிமருந்துக்கு நேரெதிர். அதற்காக வீட்டில் ஒன்றுக்கு ஒன்றை மாற்றாகக் கொடுத்துவிடக் கூடாது. அளவு தவறினால் அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

இப்போது டெட்டனஸ் புதிருக்கு வரலாம். நரம்புகள் பேசுவது என்றால் "செய், செய்" என்று தூண்டுவது மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். பாதிப் பேச்சு "செய்யாதே" என்பதுதான். முள் குத்தியதும் காலை மடக்கும் தசைக்குத் தண்டுவடத்திலிருந்து கட்டளை போகிறது. அதே நேரம் காலை நீட்டும் தசைக்கு "சும்மா இரு" என்ற செய்தியும் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் மல்லுக்கட்டும். அந்தச் செய்தியைச் சொல்லும் சின்ன நியூரான்கள் தண்டுவடத்தில் கிளைசின் என்ற பொருளைக் கொட்டி அடுத்த செல்லை அடக்குகின்றன. டெட்டனஸ் நஞ்சு காயத்திலிருந்து நரம்பு வழியே தண்டுவடம் வரை ஏறிப்போய் இந்த அடக்கும் நியூரான்களில்தான் பைகளைக் கட்டிப்போடுகிறது. தடுக்க ஆளில்லாமல் எல்லாத் தசையும் ஒருசேர இழுக்கிறது. எட்டிக்காயில் உள்ள ஸ்ட்ரிக்னின் மறுகரையில் கிளைசினின் ஏற்பியை அடைக்கிறது. விளைவு ஏறக்குறைய அதே விறைப்பு. "எட்டி பழுத்தென்ன" என்று சொன்ன பெரியவர்களுக்கு ஏற்பி தெரியாது, ஆனால் அந்த மரத்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூளைக்குள்ளும் இதே ஏற்பாடுதான், அளவுதான் மலைப்பு. சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் செய்தி வருகிறது. பெரும்பாலும் குளூட்டமேட் என்ற பொருள் தூண்டும், காபா என்ற பொருள் அடக்கும். எந்த ஒரு சந்திப்பும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எல்லையைத் தாண்டினால் அந்த நியூரான் ஓர் அலை அனுப்பும், தாண்டாவிட்டால் அமைதியாக இருக்கும். இங்கே கொட்டிய பொருள்களில் பலவற்றை நொதி வெட்டுவதில்லை, செல்களே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல அந்த உறிஞ்சலைக் குறைப்பவை. பார்கின்சன் நோயில் குறைவது டோபமின் என்ற இன்னொரு செய்திப் பொருள். அதை உடம்பு செய்துகொள்ள எல்-டோபா கொடுக்கிறார்கள். பூனைக்காலி விதையில் எல்-டோபா இருப்பதை 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பார்கின்சனுக்கு அதன் பயன் உலகத்துக்குத் தெரிய இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

இனி அப்பாவின் விஷயம்.

அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் ஒரு சோதனை செய்வார்கள். தவளையின் கெண்டைக்கால் தசையை அதன் நரம்போடு எடுத்து ஒரு நெம்புகோலில் மாட்டுவோம். புகை படியவைத்த காகிதம் சுற்றிய உருளை சுழல, தசை சுருங்கும்போதெல்லாம் நெம்புகோல் ஒரு வெள்ளைக் கோடு கீறும். நரம்பை விடாமல் தூண்டினால் கோடுகள் குட்டையாகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுபோகும். தசை ஓய்ந்துவிட்டது என்று மாணவர்கள் எழுதுவார்கள். அப்போது நான் மின்முனையை நரம்பிலிருந்து எடுத்து நேராகத் தசையில் வைக்கச் சொல்வேன். தசை துள்ளும்! அப்போ நரம்புதான் ஓய்ந்ததா என்று கேட்பார்கள். இல்லை. நரம்பில் அலைகள் அப்போதும் சரியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓய்ந்தது இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்திப்பு. விடாமல் தூண்டும்போது ஒவ்வோர் அலைக்கும் கொட்டும் பைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது.

உயிருள்ள மனிதருக்கு நாள் முழுக்க மூட்டை தூக்கினாலும் இப்படி ஆவதில்லை. நம் சந்திப்புகளில் தேவைக்கு மேல் தாராளமாகக் கையிருப்பு உண்டு. பைகள் கொஞ்சம் குறைந்தாலும் மறுகரையில் ஏற்பிகள் ஏராளமாக இருப்பதால் செய்தி சேர்ந்துவிடும். நமக்கு வரும் சாதாரண அசதிக்குக் காரணம் தசையிலும் மூளையிலும் இருக்கிறது. ஆனால் மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய் உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய, உடம்பின் சொந்த எதிர்ப்புரதங்களே அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கிக் குறைத்துவிடுகின்றன. 1973இல் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அதற்கு எதிராக முயல்கள் எதிர்ப்புரதம் உண்டாக்கி, தாங்களும் தளர்ந்து விழுந்தன. அதே வருடம் பாம்பு நஞ்சை வைத்து எண்ணிப் பார்த்ததில், நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதும் தெரிந்தது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். தூங்கி எழுந்தபோது பைகள் நிறைந்திருக்கின்றன. ஏற்பி குறைவாக இருந்தாலும் முதல் அலைகளுக்குக் கொட்டுவது நிறைய, இமை நிற்கிறது. நாள் ஏற ஏற ஒவ்வோர் அலைக்கும் கொட்டும் பைகள் குறைகின்றன. மற்றவர்களுக்கு அது தெரியாது, ஏற்பிகள் ஈடுகட்டிவிடும். இந்த நோய் உள்ளவருக்கு ஈடுகட்ட ஆளில்லை. ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் இமையும் கண்ணை அசைக்கும் தசைகளும் முதலில் காட்டிக்கொடுக்கும். சாப்பாட்டின் நடுவில் தாடை ஓய்வதும் அதே கதை.

அப்பாவுக்கு இதுதான் என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இந்த நோயின் பேச்சுதான். நரம்புத் தளர்ச்சி என்று விளம்பரங்களில் வருவது ஒரு நோயின் பெயரே இல்லை. லேகியம் வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரத்தத்தில் அந்த எதிர்ப்புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் தசையின் பதில் குறைகிறதா என்று பதிவு செய்வார்கள். அது நான் சொன்ன தவளைச் சோதனையின் இன்னொரு வடிவம்தான். நெஞ்சு ஸ்கேனில் தைமஸ் சுரப்பியையும் பார்ப்பார்கள், சிலருக்கு அதை எடுத்துவிட்டால் நோய் தணியும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பூச்சிமருந்து தாக்கும் அதே நொதியைத்தான் அடக்குகிறது, அளவோடு, சில மணி நேரத்துக்கு மட்டும். வெட்டப்படாமல் தங்கும் அசிட்டைல்கோலின் எஞ்சிய ஏற்பிகளை மறுபடி மறுபடி தட்டும். இதே வழியில் மருந்து கொடுத்துப் பலன் கண்டு சொன்னவர் மேரி வாக்கர் என்ற மருத்துவர், 1934இல், இங்கிலாந்தில். இப்போது எதிர்ப்புரதத்தையே குறைக்கும் மருந்துகளும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. விழுங்கும்போது புரையேறினாலோ, மல்லாந்து படுக்க மூச்சு முட்டினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இமை திடீரென்று ஒரே நாளில் தொங்கி, கூடவே கடுமையான தலைவலியோ கை கால் வலுவிழப்போ வந்தாலும் அப்படியே, அது வேறு நோயாக இருக்கலாம். இந்த நோய் உறுதியானால் எந்த மருந்துக்கடையில் எதை வாங்கும் முன்னும் அதைச் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் சந்திப்பை இன்னும் தளரவைக்கும்.

மருத்துவரின் அறையில் ஒருவேளை இன்னொன்றும் பார்க்கலாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை அப்பாவின் மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் வைப்பார்கள். குளிரில் அந்த நொதியின் வேகம் மந்தமாகும், அசிட்டைல்கோலின் இன்னும் சற்று நேரம் தங்கும். இந்த நோய்தான் என்றால் பலருக்கு ஐஸை எடுத்ததும் தொங்கிய இமை மேலே ஏறி நிற்கும், சில நிமிடங்களுக்கு.